பட்டப்பகலில் ஒரு தாழ்ப்பாள்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: 1979-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பதினைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, பேராக் மாநிலம், ஈப்போ, சிலிபின் வட்டாரத்து மலிவு வீட்டு வரிசையில் நான்காம் வீட்டுக்காரரும், முன்னாள் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியும், இந்நாள் சிமெண்டு மூட்டை தூக்குபவருமான சின்னையா அவர்கள், தம் மனைவி நவமணி உடனிருக்க, நல்ல சுயநினைவோடும் பிறர் தூண்டுதல் இன்றியும், தம்முடைய வீட்டு முன்கதவை உள்பக்கமாகத் தாழிட்டார்.

மனிதன் நிலாவில் கால் வைத்துப் பத்து வருடம் நிறைய அன்றைக்கு ஐந்து நாள் பாக்கி. அந்த வரிசையைச் சேர்ந்த ஒருவர் பகல் வேளையில் தன் கதவைத் தானே சாத்திக்கொள்ள அதைவிட அதிக காலம் பிடித்தது.

காரணம், அவர்கள் வந்த இடம் அப்படி. செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயத்தைக் கட்டியவன் சிக்கனக்காரன். ஆறு வீடு, ஒரே கூரை. வீட்டுக்கு வீடு பலகைத் தடுப்பு உண்டு. ஆனால் அது ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் போய், அத்தோடு களைத்து நின்றுவிடும். அதற்கு மேலே கூரைவரை வெறும் வெளி. காற்றோட்டத்துக்காக என்று துரை சொன்னாராம். காற்று ஓடியதோ இல்லையோ, மற்றதெல்லாம் ஓடியது.

"ரசத்துல உப்பு கம்மி" என்று சின்னையா தட்டைப் பார்த்து முணுமுணுப்பார். மூன்றாம் வீட்டு ராக்காயியின் குரல் தடுப்பைத் தாண்டி வந்து விழும்: "நேத்தே சொன்னேன்லா அவகிட்ட! உப்பு ஜாடி எங்க வீட்டுலதான் இருக்கு, வந்து எடுத்துக்கச் சொல்லு." ஐந்தாம் வீட்டிலிருந்து உடனே மறுப்பு வரும்: "ரத்தக்கொதிப்புக்காரனுக்கு உப்பு எதுக்கு? கம்மியாவே தின்னட்டும்." ஆறாம் வீட்டில் ஒருவர் தும்மினால் முதல் வீட்டில் நூறாயுசு சொல்வார்கள். இதற்குப் பெயர் ஒற்றுமை.

இந்த ஒற்றுமையில் சின்னையாவும் நவமணியும் பன்னிரண்டு வருடம் குடித்தனம் நடத்தினார்கள். பேச வேண்டியதில் பாதியைக் கண்ணால் பேசினார்கள். மீதியைப் பேசவே இல்லை. குழந்தையும் இல்லை. அது அவர்கள் இருவர் விஷயம் என்று நீங்கள் நினைக்கலாம். லயத்தில் அது பொதுச்சொத்து. காலைப் பெரட்டில் பேர் கூப்பிடக் காத்து நிற்கும்போது அதைப் பற்றிப் பேசுவார்கள், பால் நிறுக்கும்போது பேசுவார்கள். ராக்காயி நவமணிக்கு விரதம் சொன்னாள், வேர் சொன்னாள், வேப்பங்கொழுந்து அரைத்துக் கையிலேயே கொண்டுவந்து குடிக்கும்வரை நின்றாள். குறை நவமணியிடம்தான் என்பதில் ஆறு வீட்டுக்கும் கருத்து வேற்றுமை கிடையாது. வேறெதிலும் அவர்கள் அத்தனை ஒத்துப்போனதில்லை.

பிறகு தோட்டத்தை வீடு கட்டுகிற கம்பெனிக்கு விற்றார்கள். ஜனங்கள் சிலிபினுக்கு வந்தார்கள். எல்லோரும் அழுதபோது சின்னையாவும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனால் உள்ளுக்குள் அவருக்குத் திருவிழா. புது வீட்டில் செங்கல் சுவர். அது கூரைவரை போகிறது என்று கேள்விப்பட்டிருந்தார். சாவி வாங்கிய அன்றைக்கே ஏணி போட்டு ஏறி, சுவரும் கூரையும் சேருகிற இடத்தில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை. அவர் வாழ்க்கையில் அப்படியொரு சந்தோஷமான தோல்வி அதற்கு முன் ஏற்பட்டதில்லை.

வேறு வரிசையில் வீடு கேட்டுத்தான் அவர் மனு எழுதிக் கொடுத்திருந்தார். அந்த மனுவை உடையப்பன் திருத்திவிட்டார். உடையப்பன் முதல் வீட்டுக்காரர். கோவில் கமிட்டித் தலைவர். தோட்டத்து ஆபீசில் இருபத்திரண்டு வருடம் பியூனாக இருந்தவர், ஆகவே தோட்டத்தை நடத்தியதே தாம்தான் என்று நம்புகிறவர். "நீ பாட்டுக்கு ஏழாவது வரிசைன்னு எழுதியிருக்க சின்னையா. தவறிப் போயி எழுதிட்டன்னு நானே அடிச்சு மூணாவது போட்டேன். நம்ம ஒத்துமை செதறக்கூடாது, இல்லையா?" என்று தோளைத் தட்டினார். அதே ஆறு குடும்பம், அதே வரிசைக் கிரமம். மூன்றில் ராக்காயி, நான்கில் சின்னையா.

செங்கல் சுவர் ராக்காயிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தாண்ட என்னா நடக்குதுன்னே தெரியலலா. குழிக்குள்ள படுத்த மாதிரி இருக்கு" என்று ஒரு வாரம் புலம்பினாள். அப்புறம் வழி கண்டுபிடித்துவிட்டாள். முன்பு காது மட்டும் வந்துகொண்டிருந்தது. இப்போது ஆளே வந்தாள். திறந்த கதவில் தட்டுவது அவள் அகராதியில் இல்லை. சாத்தின கதவு என்பது அவள் அகராதியில் வேறொன்று; அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது கடிதம்.

ஜூன் மாதம் சின்னையாவும் நவமணியும் ஜன்னல் திரைத்துணி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ஈப்போ டவுனில் ஒரு சீன டாக்டரிடம் போனார்கள். இருவருக்கும் சோதனை. சொன்ன பொய்க்காகத் திரைத்துணியும் வாங்க வேண்டியதாயிற்று, ராக்காயி கேட்பாள். கேட்டாள். "இவ்ளோ தடிச்ச துணியா? வெளிச்சமே வராதே" என்று குறையும் சொன்னாள். அந்தத் துணியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு சொல்கிற நாளில் சின்னையாவுக்குக் காலை ஷிப்ட். நவமணி தனியாகப் போனாள். டாக்டர் மலாய் மொழியில் பொறுமையாகச் சொன்னார். அவளிடம் எந்தக் குறையும் இல்லை. குறை புருஷனுக்கு. ஒரு நரம்பு வீங்கியிருக்கிறது. சின்ன ஆபரேஷன், மூன்று நாள் படுக்கை, சரியாகிவிட வாய்ப்பு உண்டு. பெரியாஸ்பத்திரிக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதிக் கவரில் போட்டுக் கொடுத்தார்.

நவமணி அந்தக் கடிதத்தை அரிசி டின்னுக்குள் புதைத்தாள். சின்னையாவிடம் அதைச் சொல்ல வேண்டும்; அவரிடம் மட்டும் சொல்ல வேண்டும். அவர் காதில் விழும் முன் வேறொரு காதில் விழுந்தால் போச்சு. கோவிலிலும் சாப்பாட்டுக் கடையிலும் சிமெண்டு லாரியிலும் அவர் தலை குனிந்து நிற்க வேண்டியதுதான். பன்னிரண்டு வருடம் அப்படி நின்றவள் அவள். அது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கு அது வேண்டாம் என்று நினைத்தாள்.

சொல்வதற்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் ஈப்போ பட்டணத்தில் எங்கேயும் கிடைக்கவில்லை. ராத்திரியில் சொல்லலாமென்றால், லயத்துப் பழக்கப்படி ஆறு வீட்டாரும் காற்றுக்காக வாசலில் ஒரே வரிசையாகப் பாய் விரித்துப் படுப்பார்கள்.

திங்கட்கிழமை சமையற்கட்டில் வாயைத் திறந்தாள். ராக்காயி டம்ளரோடு நுழைந்தாள்: "சீனி இருக்கா புள்ள?" சீனி வாங்கிக்கொண்டு, அதைப் போட்டுத் தேத்தண்ணியும் அங்கேயே கலக்கிக் குடித்துவிட்டு, பாத்திரம் விளக்குவதையும் பார்த்துவிட்டுப் போனாள். புதன்கிழமை பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கண்டக்டர் ராஜு தோட்டத்துப் பையன். டிக்கெட்டைக் கிழித்தபடியே, "என்னாக்கா, போன வாரம் டவுன்ல டாக்டர் கடைகிட்ட ஒங்கள பாத்தேனே, ஒடம்பு முடியலயா, சூசாவா?" என்றான். பஸ் முழுக்கத் திரும்பியது. "தலைவலி" என்றாள். இறங்குவதற்குள் மூன்று தைலத்தின் பெயர் கிடைத்தது. வெள்ளிக்கிழமை கோவில் பின்பிரகாரத்தில் ஆளில்லை என்று பார்த்து நின்றால், உடையப்பன் வந்து, "தம்பதி சமேதரா என்னா ரகசியம்?" என்று சிரித்துக்கொண்டு, பதில் வரும்வரை நகரவில்லை.

சனிக்கிழமை நவமணி சின்னையாவிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "நாளைக்கு சாப்பிட்டுட்டு கதவ சாத்துங்க. தாழ்ப்பா போடுங்க."

"பகல்லயா?"

"பகல்லதான்."

சின்னையாவுக்கு வியர்த்துவிட்டது.

அப்படித்தான் அந்த இரண்டு மணி பத்து நிமிடம் வந்தது. தாழ்ப்பாள் 'டக்'கென்று விழுந்தது. திரையை இழுத்துவிட்டார்கள். வீடு பாதி இருண்டது. இருவரும் நடுக்கூடத்தில் திருடர்களைப் போல நின்றார்கள்.

"ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும்" என்றாள் நவமணி, காற்றோடு காற்றாக.

"என்னா? கேக்கல."

"சொல்லணும்னு சொன்னேன்."

"ஏன் குசுகுசுன்னு பேசுற? சுவருதான் கூரை வரைக்கும் இருக்கே!"

"நீங்களும்தான் குசுகுசுன்னு பேசுறீங்க."

உண்மை. பன்னிரண்டு வருடப் பழக்கம். சின்னையா தொண்டையைச் செருமிக்கொண்டு, சொந்த வீட்டில் சொந்தக் குரலில் பேசுவதற்கு ஆயத்தமானார். அப்போது கதவு ஆடியது.

"நவமணி! ஏ நவமணி! கதவு ஏன் மாட்டிக்கிச்சு?"

இருவரும் பதில் சொல்லாமல் இருந்தால் போய்விடுவாள் என்று நினைத்தார்கள். நாகரிகமான நினைப்பு. வேறு ஊரில் பலித்திருக்கும்.

சாத்தின கதவுக்கு வருகிறேன் என்றேன். லயத்தில் பகலில் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது ஒரே ஒரு தடவைதான். அறுபத்தெட்டில். ராக்காயியின் அண்ணன் சன்னாசி. களைக்கொல்லி மருந்து. அன்றைக்குத் தட்டினார்கள், "ஒன்னும் இல்ல, போங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, மரியாதையாகப் போய்விட்டார்கள். அப்புறம் வந்து உடைத்தபோது பிரயோஜனம் இல்லை. அன்றிலிருந்து அந்த ஜனங்களுக்குச் சாத்தின கதவுக்கு ஒரே அர்த்தம்தான். மரியாதை பார்ப்பதில்லை என்றும் முடிவு செய்திருந்தார்கள்.

ராக்காயி ஜன்னலுக்குப் போனாள். திரை. தடித்த துணி. வெளிச்சமே போகாத துணி. அவள் போட்ட கூச்சல் ஏழாவது வரிசைவரை கேட்டது.

ஐந்து நிமிடத்தில் வாசலில் முப்பது பேர். ராக்காயியின் புருஷன் பத்துமலை கடப்பாறையோடு வந்தார். உடையப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். சட்டையில்லாமல் அவர் பேசுவதில்லை.

"மச்சான்! சின்னையா! கதவத் தொறலா!" என்று பத்துமலை கத்தினார்.

"ஒன்னும் இல்ல, போங்க!" என்று உள்ளேயிருந்து சின்னையா கத்தினார்.

வெளியே ராக்காயி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "ஐயோ! எங்கண்ணனும் இதேதான் சொன்னான்! இதே வார்த்தை!"

"அக்கா, நாங்க நல்லா இருக்கோம்! சும்மா பேசிக்கிட்டு இருக்கோம்!" என்றார் சின்னையா.

"பேசுறதுக்கு எதுக்குலா கதவு? நாங்க என்னா வேத்து ஆளா?"

உடையப்பன் கையை உயர்த்தினார். "அன்பார்ந்த பொதுமக்களே! பதற வேண்டாம். இக்கட்டான இந்த வேளையில், கோவில் கமிட்டியின் சார்பிலும், இவ்வட்டாரக் குடியிருப்பாளர்களின் சார்பிலும், நான் கேட்டுக்கொள்வது என்னவென்றால், ஓர் உயிர் என்பது தனி மனிதனின் சொத்து அல்ல. அது நம் சமுதாயத்தின்..."

"அண்ணே, நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள அவன் போயிருவான்லா" என்று பத்துமலை கடப்பாறையை நிலையில் நுழைத்தார்.

உள்ளே நவமணிக்குப் புரிந்துவிட்டது: இனி இரண்டு நிமிடம்கூட இல்லை, அரை நிமிடம்தான். கடிதத்தை எடுத்துச் சின்னையா கையில் திணித்தாள். கதவு முனகியது. அவள் கத்தினாள், கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கத்தினாள். வெளியே இருந்த இரைச்சலில் அது அவர் காதுக்கு மட்டுமே எட்டியது.

"கொறை என்கிட்ட இல்ல! ஒங்ககிட்டதான்! சின்ன ஆபரேசன், மூணு நாளு, சரியாயிருமாம்!"

சின்னையா அவளைப் பார்த்தார். கடிதத்தைப் பார்த்தார். பன்னிரண்டு வருடத்து வேப்பங்கொழுந்து அத்தனையும் அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நீ ஏன்..." என்று ஆரம்பித்தார்.

கதவு விழுந்தது.

முப்பது பேர் கண்ட காட்சி: அரையிருட்டு, தரையில் வெளுத்துப்போன சின்னையா, கையில் ஒரு கடிதம், பக்கத்தில் அழுகிற பெண்டாட்டி. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? பத்துமலை அவர் வாயைத் திறந்து மோந்து பார்த்தார். ராக்காயி உப்புத் தண்ணீர் கரைக்க ஓடினாள். உடையப்பன் மட்டும் நிதானம் இழக்கவில்லை. நேராகக் கடிதத்தைப் பிடுங்கினார்.

"இங்கிலீஷ்" என்று அறிவித்தார்.

"என்னா எழுதியிருக்கு அண்ணே?"

துரை வீட்டு இங்கிலீஷெல்லாம் தமக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று இருபத்திரண்டு வருடம் சொல்லிவந்தவர் உடையப்பன். கடிதத்தை முழ நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார், பக்கத்தில் கொண்டுவந்தார், வெளிச்சத்துக்குத் திருப்பினார். "கண்ணாடி வீட்டுல இருக்கு" என்றார். மூக்கில் இருந்த கண்ணாடியை யாரோ சுட்டிக்காட்டினார்கள். "இது தூரத்துக் கண்ணாடி. பாய், நீங்க படிங்க."

பாய் என்றது நாகூர் மீரானை. வரிசைக் கோடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் படித்தவர். சத்தம் கேட்டுக் குழம்புக் கரண்டியோடே ஓடி வந்திருந்தார். கரண்டியைப் பத்துமலையிடம் கொடுத்துவிட்டுக் கடிதத்தை வாங்கினார். ஒரு தடவை படித்தார். நவமணியைப் பார்த்தார். அவள் இரண்டு கையையும் சேர்த்து, யாருக்கும் தெரியாமல், வயிற்றோடு ஒட்டிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். மறுபடி படித்தார்.

"பல்லு" என்றார் நாகூர் மீரான்.

"என்னாது?"

"சின்னையாவுக்குக் கடைவாய்ப்பல்லு சொத்தை. பெரியாஸ்பத்திரியில புடுங்கணும்னு எழுதியிருக்கு." கடிதத்தை நான்காக மடித்தார்; அதைச் சின்னையாவிடமும் உடையப்பனிடமும் கொடுக்காமல், நவமணி கையில் வைத்தார்.

கூட்டத்துக்கு ஏற்பட்ட ஏமாற்றத்தைச் சொல்லி முடியாது. "பல்லுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?" என்று பத்துமலை கடப்பாறையைக் கீழே போட்டார். "பொறவு ஏன் நவமணி அழுவுறா?" என்றாள் ராக்காயி. "புருஷனுக்கு வலின்னா அழமாட்டாளாலா?" என்றார் பாய். அந்தப் பதில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. கிராம்பு வை, உப்புத் தண்ணி கொப்பளி, கொய்யா இலை மெல்லு என்று முப்பது பேரும் முப்பது வைத்தியம் சொல்லிவிட்டுத்தான் கலைந்தார்கள்.

அன்று சாயங்காலம் பாய் தம் கடைப் பின்கட்டைத் திறந்துவிட்டார். வெங்காய மூட்டை அடுக்குகிற அறை. "கதவு இருக்கு. அரை மணி நேரம் பேசிட்டு வாங்க. யாரும் வந்தா, சரக்கு இறக்குறாங்கன்னு சொல்லிக்கிறேன்" என்றார். உள்ளே என்ன பேசினார்கள் என்பது வெங்காயத்துக்குத் தெரியும். வெளியே வந்தபோது இருவர் கண்ணும் சிவந்திருந்தது. அதற்கும் வெங்காயமே பொறுப்பேற்றுக்கொண்டது.

சின்னையா ஆஸ்பத்திரிக்குப் போனார். மூன்று நாள் படுத்திருந்தார். "ஒரு பல்லுக்கு மூணு நாளா?" என்று ராக்காயி கேட்க, "வேரு ஆழம்" என்று நவமணி சொன்னாள். வெள்ளிக்கிழமை பூசையில் உடையப்பன் ஒலிபெருக்கியில், "நமது அன்புச் சகோதரர் சின்னையா அவர்களின் கடைவாய்ப்பல் பூரண நலம் பெற" என்று விசேஷ அர்ச்சனை நடத்தினார். சின்னையா திரும்பி வந்த அன்றைக்கு ராக்காயி டார்ச் லைட்டோடு காத்திருந்தாள்.

"ஆ காட்டு."

"அக்கா, வலிக்குது."

"ஓட்டையப் பாக்கணும்லா. சரியாப் புடுங்கலன்னா சீழ் புடிக்கும். நாளைக்கு வாரேன்."

வருவாள். அதில் சந்தேகமில்லை. சின்னையா மறுநாள் விடியற்காலையிலேயே அரசாங்கப் பல் டாக்டரிடம் போய் வரிசையில் முதல் ஆளாக நின்றார். டாக்டர் வாயைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, எல்லாப் பல்லும் இரும்பு மாதிரி இருக்கிறது, எதைப் பிடுங்குவது என்றார். "எதையாச்சும் புடுங்குங்க டாக்டர்" என்று சின்னையா கெஞ்சினார். கால் மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. பன்னிரண்டு வருடமாக ஒரு வார்த்தையைத் தம்மோடு வைத்துக்கொள்ள இடமில்லாமல் போன மனிதர் கடைசியில் அதற்கு வாடகையாக ஒரு நல்ல பல்லைக் கொடுத்துவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தார். ராக்காயி டார்ச் அடித்துப் பார்த்தாள். திருப்தி.

அப்புறம் குழந்தை பிறந்ததா இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அது அவர்கள் வீட்டு விஷயம். டார்ச்சை அணைத்துவிட்டுப் போய் வேலையைப் பாருங்கள்.

உடைந்த கதவுக்குப் பதில் கோவில் கமிட்டி புதுக் கதவு போட்டுக் கொடுத்தது. நல்ல கதவு. உள்பக்கத் தாழ்ப்பாள் மட்டும் கிடையாது. பொது நலன் கருதி அதை வைப்பதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். பூட்டு இருக்கிறது. சாவி மூன்று. ஒன்று சின்னையாவிடம், ஒன்று நவமணியிடம்.

மூன்றாவது உடையப்பனிடம்.